ஒரு குவளைத் தண்ணீரும் ஒரு மரண தண்டனையும்



பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணத்தில் இத்தான் வாலி என்றொரு கிராமம் உண்டு. 2009ஆம் ஆண்டு ஜூன் மாதம் 14ஆம் திகதி, அங்குள்ள தோட்டமொன்றில் பெண்கள் சிலர் கூலிக்குப் பழம் பறித்துக் கொண்டிருந்தனர். அவர்களுள் ஒருவர் ஆசியா பீபி. கத்தோலிக்கர், ஐந்து பிள்ளைகளைக் கொண்ட குடும்பத்தின் தாய், எழுத வாசிக்கத் தெரியாதவர். தாகம் தீர்க்கத் தண்ணீர் அள்ளி வந்து அவர் கொடுத்தபோது, கிறிஸ்தவப் பெண்ணின் கைபட்ட தண்ணீரைத் தாங்கள் குடிப்பதில்லை என்று உடன் வேலை செய்த முஸ்லிம் சகோதரிகள் இருவர் மறுத்தனர். வாய்த்தர்க்கம் மூண்டது. ஊர்களில் நாளாந்தம் நடந்து, மாலைக்குள் மறக்கப்படும் சச்சரவுகளில் ஒன்றாக அது முடிந்திருக்கலாம். ஆனால் ஐந்து நாட்கள் கழித்து, கிராமத்துப் பள்ளிவாசலின் மௌலவி பொலிஸில் முறைப்பாடு செய்தார். ஆசியா பீபி நபிகள் நாயகத்தை இழிவாகப் பேசினார் என்பதே அம்முறைப்பாடு. 2010ஆம் ஆண்டு நவம்பர் மாதம் அவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது.

உங்களுள் பலர் இந்தப் பெண்ணுக்காகச் செபித்திருப்பீர்கள். அந்த நவம்பர் மாதம் 17ஆம் திகதி திருத்தந்தை 16ஆம் ஆசீர்வாதப்பர் அவரது பெயரைச் சொல்லி, அவருடைய முழு விடுதலைக்காக வெளிப்படையாகவே வேண்டுகோள் விடுத்தார். எனினும், இந்த வழக்கை 'முஸ்லிம்கள் ஒரு கிறிஸ்தவப் பெண்ணுக்குச் செய்த கொடுமை' என்று ஒரே வரியில் நம் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டுப் போவோமாயின், அதன் பாதிக்கு மேற்பட்ட உண்மையை மறைத்தவர்களாவோம். அந்த மறைந்த பாதியைப் பற்றியே இவ்வாரம் உங்களோடு பேச விரும்புகின்றேன்.

முதலில் அந்தக் குவளையைப் பற்றி. கிறிஸ்தவர் தொட்ட தண்ணீரைக் குடிக்கலாகாது என்று இஸ்லாம் கற்பிப்பதில்லை. வேதம் அருளப்பட்டவர்களின் உணவு முஸ்லிம்களுக்கு ஆகுமானது எனத் திருக்குர்ஆனின் ஐந்தாவது அத்தியாயம் தெளிவாகவே கூறுகின்றது. அப்படியானால் இந்தத் தீட்டு எங்கிருந்து வந்தது? பஞ்சாப் கிறிஸ்தவர்களுள் பெரும்பாலானோர், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து மறைபரப்பாளர்களின் வழியாகத் திருமுழுக்குப் பெற்ற, துப்புரவுத் தொழிலுக்கும் கூலி வேலைக்கும் ஒதுக்கப்பட்டிருந்த சாதியினரின் வழித்தோன்றல்கள். மதம் மாறிற்று, தீட்டு மாறவில்லை. தீண்டாமையை ஏற்காத இரண்டு சமயங்களைச் சேர்ந்தவர்களுக்கு இடையிலும் அந்தப் பழைய சாதிக் குவளையே வந்து நின்றது.

வடபுலத்து வாசகர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. தேநீர்க் கடைகளில் ஒரு சாராருக்குப் பேணியும் போத்தலும் தனியாக வைக்கப்பட்டிருந்த காலத்தை உங்கள் பாட்டனார்கள் கண்டிருக்கின்றனர். 1957ஆம் ஆண்டில் இதற்கெதிராகச் சட்டம் வந்த பின்னரும், 1960களில் தேநீர்க் கடைகளுக்குள் நுழைவதற்காகப் போராட வேண்டியிருந்தது. நம் ஆலயங்கள் சிலவற்றுள் யார் எங்கே அமர்வது என்பதும் எழுதாச் சட்டமாக இருந்ததை இங்கே மூடி மறைப்பதில் பயனில்லை. யாக்கோபின் கிணற்றடியில் சமாரியப் பெண்ணிடம் நம் ஆண்டவர் தண்ணீர் கேட்ட வேளையில் அவள் வியந்து நின்றதற்குக் காரணமும் இதுவேயாகும் (யோவான் 4:9). யூதர் ஒருவர் தன் குடத்து நீரைக் கேட்பார் என்று அவள் எதிர்பார்த்திருக்கவில்லை.

குவளையில் தொடங்கிய ஒரு சண்டையை மரண தண்டனை வரை கொண்டு செல்லும் ஆற்றல் சட்டத்துக்கு எவ்வாறு வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். மத உணர்வுகளைப் புண்படுத்துவோரைத் தண்டிக்கும் சட்டத்தின் அத்திவாரத்தை இட்டவர்கள் ஆங்கிலேயர். 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டக்கோவை எல்லா மதத்தவரின் வணக்கத் தலங்களையும் ஒரே அளவில் காத்தது. 1920களில் லாகூரில் நபிகள் நாயகத்தைப் பழித்து வெளியான ஒரு நூலால் பெருங்கொந்தளிப்பு ஏற்பட்டது. அதன் பயனாக 1927இல், வேண்டுமென்றே மத உணர்வைப் புண்படுத்துவதும் குற்றம் என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. பாகிஸ்தான் தோன்றிய பின் இச்சட்டம் அந்நாட்டுக்கும் உரியதாயிற்று. ஜெனரல் சியா உல் ஹக்கின் ஆட்சியிலேயே அது வேறு உருவம் பெற்றது. 1982இல் குர்ஆனை அவமதிப்போருக்கு ஆயுள் தண்டனை. 1986இல் நபிகளை நிந்திப்போருக்கு மரண தண்டனை. 1990இல் மத்திய ஷரீஆ நீதிமன்றம், பின்னைய குற்றத்துக்கு மரணத்தைத் தவிர வேறு தண்டனை பொருந்தாது எனத் தீர்ப்பளித்தது.

சட்டம் கூர்மையாயிற்று; அதைக் கையிலெடுத்தவர்களும் பெருகினர். ஐயூப் மசீஹ் என்ற கிறிஸ்தவ இளைஞர்மீது 1996இல் இதே குற்றச்சாட்டு சுமத்தப்பட்டது. ஊரிலிருந்த கிறிஸ்தவக் குடும்பங்கள் விரட்டப்பட்டன. அவர்களுடைய நிலம் முறைப்பாட்டாளரின் பக்கம் போய்ச் சேர்ந்தது. 2002இல் அந்நாட்டின் உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தபோது, இறைபக்தியின் பின்னால் ஒளிந்திருந்த காணித் தகராறு வெளிச்சத்துக்கு வந்தது. இச்சட்டத்தில் சிக்கியோரில் பெருந்தொகையினர் முஸ்லிம்களே என்பதையும் நாம் அறிந்திருக்க வேண்டும். 2017ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் திகதி, மர்தான் நகரிலுள்ள பல்கலைக்கழகத்தில் மஷால் கான் என்ற முஸ்லிம் மாணவன் மத நிந்தனை செய்தான் என்ற வதந்தியால், தன் சக மாணவர்களின் கைகளாலேயே அடித்துக் கொல்லப்பட்டான். அவன் நிந்தித்ததற்குச் சான்று எதுவும் இல்லை என்பது பின்னர் விசாரணையில் தெரிய வந்தது. பாகிஸ்தான் அரசு இதுவரை எவரையும் இக்குற்றத்துக்காகத் தூக்கிலிட்டதில்லை. அந்த வேலையைத் தெருவிலிருந்த கும்பல்கள் செய்துவிட்டன.

இனி இருவரைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும்.

பஞ்சாப் மாகாண ஆளுநராக இருந்தவர் சல்மான் தசீர். செல்வர், அரசியல்வாதி, முஸ்லிம். ஆசியா பீபியைச் சிறைக்குச் சென்று சந்தித்தார். அவருக்குப் பக்கத்தில் அமர்ந்து பத்திரிகையாளரிடம் பேசினார். அவருக்கு மன்னிப்பு வழங்குமாறு கேட்டார். இச்சட்டம் திருத்தப்பட வேண்டும் என்றார். அதனால் அவருக்கு ஒரு வாக்கும் கிடைத்திருக்காது. 2011ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் திகதி, இஸ்லாமாபாத்தின் சந்தையொன்றில், அவரைக் காக்கும் பொறுப்பிலிருந்த மெய்க்காவலரே அவரைச் சுட்டுக் கொன்றார். இருபதுக்கும் மேற்பட்ட குண்டுகள் அவர் உடலில் பாய்ந்தன. அதற்குப் பின் நடந்தது அதனினும் கொடிது. மார்க்க அறிஞர்கள் பலர் சேர்ந்து, அவருக்கு ஜனாஸாத் தொழுகை நடத்தலாகாது, அவருக்காக வருந்தவும் கூடாது என அறிக்கை விட்டனர். கொலையாளி நீதிமன்றத்துக்குக் கொண்டுவரப்பட்டபோது சட்டத்தரணிகள் சிலர் அவர்மீது ரோசா இதழ்களைத் தூவினர். அவருக்கு மரண தண்டனை விதித்த நீதிபதி நாட்டை விட்டே வெளியேற நேர்ந்தது. 2016 பெப்ரவரி 29ஆம் திகதி அத்தண்டனை நிறைவேற்றப்பட்டது. தூக்கிலிடப்பட்டவரின் இறுதி ஊர்வலத்தில் பல்லாயிரவர் திரண்டனர்.

ஒரு கத்தோலிக்கக் கூலிப் பெண்ணுக்காக ஒரு முஸ்லிம் ஆளுநர் உயிரைக் கொடுத்தார். நம் மறைக்கல்வி வகுப்புகளில் ஆசியா பீபியின் பெயரைச் சொல்லும் ஆசிரியர்கள், இவருடைய பெயரையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மற்றவர் ஷபாஸ் பட்டி. சிறுபான்மையினர் விவகார அமைச்சர், அன்றைய அமைச்சரவையில் இருந்த ஒரே கிறிஸ்தவர், கத்தோலிக்கர். தசீர் கொல்லப்பட்ட பின்னரும் அவர் தன் நிலைப்பாட்டை மாற்றிக்கொள்ளவில்லை. தமக்கு அச்சுறுத்தல் உள்ளதை அறிந்து, தாம் இறந்தபின் வெளியிடுவதற்காகவே ஒரு காணொளியைப் பதிவு செய்து வைத்தார். சிலுவையின் பொருளைத் தாம் அறிந்திருப்பதாகவும், துன்புறும் தம் மக்களுக்காக இறக்கவும் ஆயத்தமாக இருப்பதாகவும் அதில் கூறினார். 2011 மார்ச் 2ஆம் திகதி, தாயின் வீட்டிலிருந்து புறப்பட்ட சிறிது நேரத்தில் அவரது வாகனம் மறிக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது 42. இதை எழுதும் எனக்கும் இன்று ஏறத்தாழ அதே வயதுதான். அந்தக் காணொளியை ஒருமுறைக்கு மேல் பார்க்க என்னால் இயலவில்லை. அவர் பயன்படுத்திய திருவிவிலியம் உரோமையில், தீபெர் ஆற்றுத் தீவிலுள்ள புனித பர்த்தலோமேயு பேராலயத்தில், நம் காலத்து மறைசாட்சிகளின் நினைவுப் பொருட்களோடு வைக்கப்பட்டுள்ளது.

ஆசியா பீபியின் மேன்முறையீட்டை லாகூர் மேல் நீதிமன்றம் 2014இல் தள்ளுபடி செய்தது. இறுதியில் 2018 ஒக்டோபர் 31ஆம் திகதி, நாட்டின் உயர் நீதிமன்றத்தின் மூன்று நீதியரசர்கள் அவரைக் குற்றமற்றவர் என விடுவித்தனர். மூவரும் முஸ்லிம்கள். அவருக்காக வாதாடிய சட்டத்தரணி சைஃபுல் மலூக்கும் முஸ்லிம். அத்தீர்ப்பு வாசிக்கப்பட வேண்டிய ஒன்று. முறைப்பாடு செய்ய ஏன் ஐந்து நாட்கள் பிடித்தன என்று நீதியரசர்கள் வினவினர். ஆசியா பீபி ஊர்க்கூட்டத்தின் முன் குற்றத்தை ஒப்புக்கொண்டார் என்று கூறிய சாட்சிகள், அக்கூட்டம் எங்கே நடந்தது என்பதில் முரண்பட்டனர். எத்தனை பேர் வந்திருந்தனர் என்று கேட்டபோது, ஒருவர் நூறு என்றார். மற்றொருவர் ஆயிரம் என்றார். இன்னொருவர் இரண்டாயிரத்துக்கும் மேல் என்றார்.

தீர்ப்போடு இணைந்த தமது கருத்துரையில் நீதியரசர் ஆசிப் சயீத் கோசா இன்னும் ஒரு படி சென்றார். சீனாய் மலையடிவாரத்திலுள்ள புனித கத்தரீனாள் மடத்தின் துறவிகளுக்கு நபிகள் நாயகம் வழங்கியதாக மரபு கூறும் பாதுகாப்பு உடன்படிக்கையை அவர் நினைவூட்டினார். கிறிஸ்தவர்களுக்கு முஸ்லிம்கள் பாதுகாவலாக இருப்பர் என்று வாக்களிக்கும் சாசனம் அது. நிந்தனை பாரதூரமான குற்றம் என்பதை அவர் மறுக்கவில்லை. ஆனால் ஆசியா பீபியின் சமயத்தை இழிவுபடுத்தியதும், நபிகளின் பெயரால் உண்மையோடு பொய்யைக் கலந்ததும் நிந்தனைக்குச் சற்றும் குறைந்தவையல்ல என்று எழுதினார். இத்தீர்ப்பினால் மூன்று நாட்கள் பாகிஸ்தானின் பெருந்தெருக்கள் முடக்கப்பட்டன. நீதியரசர்களைக் கொல்லுமாறு மேடைகளில் அறைகூவல் விடப்பட்டது. மீளாய்வு மனு 2019 ஜனவரி 29ஆம் திகதி தள்ளுபடியாயிற்று. அவ்வாண்டு மே மாதம் ஆசியா பீபி கனடாவைச் சென்றடைந்தார்.

சாட்சிகள் முரண்பட்ட அந்தப் பகுதியைப் படிக்கும்போது உங்கள் நினைவுக்கு வேறொரு விசாரணை வரவில்லையா? மாற்கு 14ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். இயேசுவுக்கு எதிராகப் பலர் பொய்ச் சான்று கூறினர். அச்சான்றுகள் ஒவ்வவில்லை என்பதை நற்செய்தியாளர் இருமுறை குறிப்பிடுகின்றார் (14:56, 59). ஈற்றில் தலைமைக் குரு தம் ஆடையைக் கிழித்துக்கொண்டு சுமத்திய குற்றம் எது? இறைநிந்தனை. ஸ்தேவானை ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் கல்லால் எறிந்ததற்குச் சொல்லப்பட்ட காரணமும் அதுவே (திருத்தூதர் பணிகள் 6:11). (இதனால் யூத மக்கள்மீது பழி சுமத்தலாகாது என இரண்டாம் வத்திக்கான் சங்கம் கற்பித்துள்ளதையும் இங்கேயே சொல்லிவிடுகின்றேன்.) இறைநிந்தனைக் குற்றவாளி என்று தீர்க்கப்பட்டவரையே நாம் ஆண்டவர் என வணங்குகின்றோம். ஆகவே இக்குற்றச்சாட்டு எவர்மீது சுமத்தப்பட்டாலும், கல்லைத் தேடுமுன் சாட்சியைக் கேட்கும் கடமை மற்றெல்லாரையும்விட நமக்கு அதிகம்.

இக்கடமையை நம் முன்னோர் எப்போதும் நிறைவேற்றினர் என்று பெருமைப்பட முடியாது. 1766ஆம் ஆண்டு ஜூலை முதலாம் திகதி, கத்தோலிக்க அரசன் ஆண்ட பிரான்சின் அபேவில் நகரில், லா பார் என்ற 20 வயது இளைஞன் சிரச்சேதம் செய்யப்பட்டான். நற்கருணைப் பவனி சென்றபோது தொப்பியைக் கழற்றவில்லை, இழிவான பாடல்களைப் பாடினான் என்பன அவன் குற்றங்கள். பாலத்தடியில் இருந்த சிலுவையைச் சிதைத்தவனும் அவனே எனச் சந்தேகித்தனர், அது நிரூபிக்கப்படவில்லை. அவன் உடலைத் தீயிலிட்டபோது வொல்த்தேர் எழுதிய நூலொன்றையும் சேர்த்து எரித்தனர். பிரெஞ்சு மக்கள் மதத்தைக் கேலி செய்யும் உரிமையை ஏன் அவ்வளவு இறுகப் பற்றிக்கொண்டிருக்கின்றனர் என்று நம்மவர் வியக்கின்றனர். அந்த இளைஞனின் கதை அங்கே இன்னும் மறக்கப்படவில்லை.

"அப்படியானால் எதையும் சொல்லலாமா, சுவாமி? நம் அன்னையை ஒருவன் இழிவாக வரைந்தால் நாம் சும்மா இருக்க வேண்டுமா?" என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கின்றது. இக்கேள்வி நம் மண்ணிலிருந்து புறப்பட்ட விமானமொன்றிலேயே கேட்கப்பட்டது. டென்மார்க் பத்திரிகையொன்று 2005 செப்டெம்பரில் நபிகளைப் பற்றிய 12 கேலிச்சித்திரங்களை வெளியிட்டதிலிருந்து எரிந்துகொண்டிருந்த விவகாரம், 2015 ஜனவரி 7ஆம் திகதி பாரிஸில் 'ஷார்லி எப்டோ' இதழின் அலுவலகத் தாக்குதலாக வெடித்தது. 12 பேர் கொல்லப்பட்டனர். தப்பியோடிய கொலையாளிகளால் வீதியில் வீழ்த்தப்பட்ட பொலிஸ் அலுவலர் அஹமட் மெராபே ஒரு முஸ்லிம். அடுத்த வாரமே திருத்தந்தை பிரான்சிஸ் இலங்கைக்கு வந்தார். 14ஆம் திகதி காலிமுகத்திடலில் யோசேவ் வாஸ் அடிகளைப் புனிதராக உயர்த்தினார். அன்று பிற்பகல் மடு அன்னையின் திருத்தலத்தில் நம் மக்களோடு செபித்தார். அங்கே அவரைக் கண்ட வாசகர்கள் இதைப் படிக்கின்றீர்கள் என்பதை அறிவேன். மறுநாள் அவர் கொழும்பிலிருந்து மணிலாவுக்குப் பறக்கையில், மத சுதந்திரம், கருத்துச் சுதந்திரம் ஆகிய இரண்டையும் பற்றிப் பிரெஞ்சுச் செய்தியாளர் ஒருவர் வினவினார்.

இரண்டுமே அடிப்படை மனித உரிமைகள் என்றார் திருத்தந்தை. இறைவனின் பெயரால் கொல்வது நெறிபிறழ்வு என்றார். ஆயினும் பிறர் விசுவாசத்தைச் சீண்டவும் எள்ளி நகையாடவும் கூடாது, கருத்துச் சுதந்திரத்துக்கு எல்லையுண்டு என்றும் சேர்த்தார். பின்னர், அருகில் நின்ற தம் பயண ஒழுங்கமைப்பாளரைக் காட்டி, இந்த நண்பர் என் தாயைத் திட்டினால் ஒரு குத்தை எதிர்பார்க்கத்தான் வேண்டும் என்று சிரித்தபடி சொன்னார். அந்த ஒரு வாக்கியந்தான் உலகப் பத்திரிகைகளின் தலைப்பாயிற்று. மறுகன்னத்தைக் காட்டச் சொன்னவரின் பதிலாளர் இப்படிப் பேசலாமா என்று பலர் முகஞ்சுளித்தனர். மனித இயல்பு இன்னது என்று அவர் விவரித்தாரேயன்றி, அக்குத்தை அறம் என்று கற்பிக்கவில்லை என்றே நான் விளங்கிக்கொள்கின்றேன். என்றாலும் அந்த உவமையை அவர் தவிர்த்திருக்கலாம் என்ற எண்ணமும் எனக்கு இல்லாமலில்லை. தாயைத் திட்டினான் என்று சொல்லித்தான் உலகெங்கும் கத்தி எடுக்கப்படுகின்றது.

அந்த எல்லையை யார் காப்பது என்பதில்தான் சிக்கல் இருக்கின்றது. அயலவன் புனிதமாகக் கருதுவதை நான் ஏளனம் செய்யாதிருப்பது என் மனச்சான்றின் கடமை. முஸ்லிம்களைத் திருச்சபை மதிப்போடு நோக்குகின்றது என 1965 ஒக்டோபர் 28ஆம் திகதி சங்கத் தந்தையர் அறிக்கையிட்டனர். அது நம் நாவுக்கும் இன்று நம் கைத்தொலைபேசிக்கும் பொருந்தும். பிற சமயத்தவரைக் கேலி செய்யும் படத்தைக் குடும்பக் குழுவில் பகிர்ந்துவிட்டு, அதை ஒப்புரவு அருட்சாதனத்தில் சொல்ல வேண்டும் என்று நினைக்காதவர்கள் நம்மில் அநேகர். ஆனால் பாவமாகிய ஒவ்வொன்றையும் அரசு தண்டிக்க வேண்டும் என்று திருச்சபை கேட்பதில்லை. அதே ஆண்டு டிசம்பர் 7ஆம் திகதி வெளியான சமயச் சுதந்திரம் பற்றிய அறிக்கை, சமயக் காரியத்தில் எவரும் வற்புறுத்தப்படலாகாது என்று கூறி, வாளைத் திருச்சபையின் கையிலிருந்து கீழே வைத்துவிட்டது. வெறுப்பைத் தூண்டி மக்களைத் தாக்கச் செய்வோரைச் சட்டம் தடுக்கத்தான் வேண்டும். மனம் புண்பட்டது என்ற ஒன்றையே குற்றத்துக்குச் சான்றாக ஏற்கும் சட்டம், யார் பெருந்தொகையினரோ அவர்களின் கைக்கருவியாகிவிடும்.

நம் நாட்டிலும் அதைக் கண்டோம். 2019ஆம் ஆண்டு மே மாதம் ஹசலக்க பகுதியில் ஒரு முஸ்லிம் பெண், உடையில் பௌத்த தர்மச்சக்கரத்தை அணிந்து மதத்தை அவமதித்தார் எனக் கைதானார். அவர் உடையில் இருந்தது கப்பலின் சுக்கான் சக்கரம். பல நாட்கள் அவர் விளக்கமறியலில் இருந்தார். உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகள் நிகழ்ந்து அப்போது ஒரு மாதம் நிறையவில்லை. கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பிலும் சிந்திய இரத்தத்தின் நடுவே, ஒரு துணியின் ஓவியத்தைப் பற்றி யார் கவலைப்பட்டிருப்பர்?

நீர்கொழும்பில் அந்நாட்களில் நடந்த மற்றொன்று நம்மை இன்னும் நெருங்கித் தொடுவது. பாகிஸ்தானிலிருந்து தப்பி வந்த அகதிகள் பல ஆண்டுகளாக அங்கே வாடகை வீடுகளில் வாழ்ந்து வந்தனர். அவர்களுள் பெரும்பாலானோர் அஹ்மதியர். தம்மை முஸ்லிம்கள் என்று அழைத்துக்கொள்வதையே குற்றமாக்கிய 1984ஆம் ஆண்டின் சட்டத்தால், தம் நாட்டில் சிறையையும் கொலையையும் எதிர்கொண்டவர்கள் அவர்கள். மத நிந்தனைக் குற்றச்சாட்டுக்கு அஞ்சி ஓடிவந்த கிறிஸ்தவர்களும் அவர்களோடு இருந்தனர். ஏப்ரல் 21ஆம் திகதிக்குப் பின் வந்த நாட்களில், பாகிஸ்தானியர் என்ற ஒரே காரணத்துக்காக அவர்கள் வீடுகளை விட்டு வெளியேற்றப்பட்டனர். வீட்டுக்காரர்கள் சிலர் தாமே வெறுத்து அனுப்பினர். சிலர் கும்பலுக்கு அஞ்சி அனுப்பினர். பிள்ளைகளும் கர்ப்பிணிகளுமாக ஆயிரத்துக்கு மேற்பட்டோர் நீர்கொழும்பு, பஸ்யால ஆகிய இடங்களில் உள்ள அஹ்மதியப் பள்ளிவாசல்களிலும் நீர்கொழும்புப் பொலிஸ் நிலைய வளவிலும் தஞ்சமடைந்தனர். நீர்கொழும்பு எத்தகைய நகர் என்பதை நீங்கள் அறிவீர்கள். வீதிக்கு வீதி நம் புனிதர்களின் சிற்றாலயங்கள் உள்ள நகர்.

ஆசியா பீபியை வதைத்த அதே சட்டத்துக்குத் தப்பி வந்தவர்களுக்கு நம் மக்கள் வாழும் தெருவிலேயே கதவு அடைக்கப்பட்டது. துயரத்தின் உச்சத்தில் இருந்த மக்களைக் கடுஞ்சொல்லால் கண்டிக்க எனக்கு மனம் வரவில்லை. அந்த வாரத்தில் புதைகுழிகளின் ஓரத்தில் நின்றவர்கள் அவர்கள். பழிவாங்கலில் இறங்க வேண்டாம் என்று கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகை திரும்பத் திரும்ப மன்றாடியதால் பேரழிவொன்று தவிர்க்கப்பட்டது என்பதும் உண்மை. ஆனாலும் அந்த அடைக்கப்பட்ட கதவுகளை நாம் நம் வரலாற்றிலிருந்து அழித்துவிட முடியாது.

இரண்டாண்டுகளுக்குப் பின், 2021 டிசம்பர் 3ஆம் திகதி, பாகிஸ்தானின் சியால்கோட் நகரில் ஏற்றுமதித் தொழிற்சாலையொன்றின் முகாமையாளராகப் பணியாற்றிய நம் நாட்டவர் பிரியந்த குமாரவைத் தொழிலாளர் கும்பலொன்று அடித்துக் கொன்று தீயிட்டது. சமய வாசகம் கொண்ட சுவரொட்டியைக் கிழித்தார் என்பதே குற்றச்சாட்டு. அவர் பௌத்தர், சிங்களவர். அன்று இனம் மதம் பாராது இலங்கையரெல்லாரும் கலங்கினோம். 2022 ஏப்ரலில் பாகிஸ்தான் நீதிமன்றம் 88 பேரைக் குற்றவாளிகளாகக் கண்டு, அவர்களுள் அறுவருக்கு மரண தண்டனை விதித்தது. அந்தத் தண்டனையைக் குறித்து மகிழ நம் திருச்சபையின் போதனை இடந்தராது.

அந்நாளின் காணொளியொன்றில், தொழிற்சாலைக் கூரையின்மேல் ஒரு மனிதர் தெரிகின்றார். பிரியந்த குமாரவோடு பணியாற்றிய பாகிஸ்தானிய முஸ்லிம் அவர். தடிகளோடு ஏறி வந்த கூட்டத்தின் முன் தனியாக நின்று, கைகூப்பிக் கெஞ்சி, தம் உடலால் அவரை மறைத்து நிற்கின்றார். அவரால் அந்த உயிரைக் காப்பாற்ற முடியவில்லை. பின்னர் அந்நாட்டு அரசு அவரது துணிவுக்கு விருதளித்தது. சமய அறிஞர்கள் குழுவாக இஸ்லாமாபாத்திலுள்ள நம் உயர் ஸ்தானிகராலயத்துக்கு வந்து துக்கம் தெரிவித்தனர்.

இவ்வாரம் உங்கள் இல்லத்துச் செபமாலையில் ஒரு பத்து மணியை ஷபாஸ் பட்டிக்காகவும் சல்மான் தசீருக்காகவும் ஒப்புக்கொடுங்கள். முஸ்லிம் ஒருவரின் பெயரைச் சொல்லித் திருப்பலிக் கருத்துக் கொடுக்கலாமா என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. கொடுக்கலாம். அந்தக் கூரைமேல் நின்றவருக்காகவும் கொடுக்கலாம்.